நீலம் மாறாத சோதனைக் குழாய்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஓர் ஆராய்ச்சி செய்தேன். இதை எழுதும்போதே கை கூசுகிறது. செய்த இடம் கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி. எது என்று சொல்லமாட்டேன். அந்த ஆஸ்பத்திரி எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அங்கே நான் பல் டாக்டர். தாடை அறுவையில் மேற்படிப்பு முடித்த கையோடு போய்ச் சேர்ந்ததால், யாராவது பல் டாக்டர் என்று கூப்பிட்டால் முகம் சுளிப்பேன். 'வாய், முகம், தாடை அறுவை நிபுணர்' என்று பலகை எழுதி அறை வாசலில் மாட்டியிருந்தேன். பலகையில் இடம் போதாமல் 'நிபுணர்' மட்டும் இரண்டாம் வரிக்கு இறங்கிப் பொடி எழுத்தில் ஒடுங்கிக் கிடந்தது. வந்தவர்கள் அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு, "பல்லு புடுங்குற டாக்டரு இங்கதான?" என்று கேட்டார்கள்.

எடுத்துக்கொண்ட விஷயம் மட்டும் நல்ல விஷயம்தான். சொத்தைப் பல்லில் பிடிக்கும் சீழ் சிலருக்குப் பல்லோடு நின்றுவிடுகிறது. சிலருக்குத் தாடைக்கு அடியில் இறங்கி, கழுத்துக்குப் போய், மூச்சையே அடைக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லின. நம் பக்கத்து ஜனங்களிடமும் அப்படித்தானா என்று பார்த்து எழுதலாம் என்று கிளம்பினேன். ஜனங்கள் மேல் இருந்த அக்கறை என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், மெட்ராசில் இருந்த என் பேராசிரியர் ஒருமுறை, "உனக்குக் கை நல்லா ஓடுது, தலைதான் ஓடுதான்னு தெரியல" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது.

வேலை முறை எளிது. பல் பிடுங்க வருகிறவர் ஒரு பாட்டிலில் சிறுநீர் கொடுக்க வேண்டும். எங்கள் அட்டெண்டர், ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், அதைப் பின்னறையில் வாங்கிச் சோதனைக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, எண் ஒட்டி என் மேஜைக்குக் கொண்டுவருவார். அதில் சில சொட்டு எடுத்து நீல நிற பெனடிக்ட் கரைசலில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவேன். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் சர்க்கரை ஏகமாக இருக்கிறது என்று அர்த்தம். ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஒருவருடையதையும் தினமும் சோதிக்க வேண்டும் என்பது விதி. அந்த வட்டாரத்தில் எந்தக் குறையும் இல்லாத ஆள் என்று நான் உறுதியாக நம்பியது என்னைத்தான். காலையில் வந்ததும் ஒரு பெரிய பாட்டிலை நிரப்பி, 'நார்மல்' என்று சீட்டு ஒட்டிப் பின்னறை ஜன்னலில் வைத்துவிடுவேன். தேவைக்கு மேலேயே கொடுத்தேன். விஞ்ஞானத்துக்கு என்று வந்துவிட்டால் கஞ்சத்தனம் கூடாது அல்லவா.

முதல் சில வாரங்கள் செங்கல் நிறம் அடிக்கடி வந்தது. வந்தால் எனக்குக் கோபம் வரும். சர்க்கரையோடு இருப்பவருக்குப் பல் பிடுங்குவது ஆபத்து என்று படித்திருந்தேன். அதை அவர்கள் படிக்காதது அவர்கள் குற்றம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. குழாயைக் கையில் பிடித்தபடி வெளியே வந்து, வரிசையில் இருக்கும் அத்தனை பேர் முன்னாலும் திட்டுவேன். "இவ்ளோ சர்க்கரைய வச்சுக்கிட்டு பல்லு புடுங்க வந்தா நான் என்ன பண்றது? மெட்ராசுக்குப் போ. கொறச்சுட்டு ஒரு மாசம் கழிச்சு வா." ஊத்துக்கோட்டைப் பக்கத்து நெல் விவசாயி ஒருவர், வீங்கிய கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு அதிகாலை பஸ் பிடித்து வந்திருந்தார். நான் கத்தி முடிக்கும் வரை மரியாதையாக நின்று கேட்டுவிட்டு, அப்படியே போய்விட்டார். திரும்பி வரவில்லை. நான் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே 'நீக்கப்பட்டார்' என்று எழுதி, அடியில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டேன்.

அப்புறம் ஒரு நாள் செங்கல் நிறம் நின்றுபோயிற்று. நீலம், நீலம், நீலம். ஒரு மாதம் போய் இரண்டாம் மாதமும் எல்லாம் நீலம். கொஞ்சம் மூளை உள்ளவன் இங்கே சந்தேகப்பட்டிருப்பான். நானோ, அதே சமயத்தில் புது பெனடிக்ட் பாட்டில் வந்திருந்ததைப் பிடித்துக்கொண்டேன். பழைய கரைசல் கெட்டுப்போயிருக்கிறது, அதனால்தான் முதலில் செங்கல் நிறம் காட்டியது என்று முடிவுகட்டி, அந்த வாரங்களின் பக்கங்களை நோட்டிலிருந்து கிழித்துப் போட்டேன். ஆக, எங்கள் பக்கத்தில் சர்க்கரையே கிடையாது. ஆனாலும் தாடையில் சீழ் வருகிறது. அப்படியானால் புத்தகம் எழுதியவர்கள் எல்லாரும் தப்பு.

ஏன் சர்க்கரை இல்லை என்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே. அதையும் கண்டுபிடித்தேன்: கேழ்வரகுக் கூழும் பழவேற்காட்டு இறாலும். இந்த இரண்டும் சேரும் வயிற்றில் சர்க்கரை தங்காது. இந்தக் கொள்கை, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூழும் இறால் தொக்கும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது உதித்தது. மறுநாளிலிருந்து நாற்காலியில் வந்து உட்காரும் ஒவ்வொருவரிடமும், ஒரு நாளைக்கு எத்தனை சொம்பு கூழ், வாரத்துக்கு எத்தனை தடவை இறால், நாஷ்டாவுக்கு என்ன என்றெல்லாம் கேட்டு எழுதினேன். வாய் வீங்கிப் பேச முடியாதவர்கள் விரலை மடக்கிக் காட்டினார்கள். கட்டுரையைப் பேராசிரியருக்கு அனுப்பினேன். "ஆச்சரியமாக இருக்கிறது, வருடாந்தரக் கூட்டத்தில் வந்து வாசி" என்று பதில் போட்டார். திருவள்ளூரில் ஒரு தையற்காரரிடம் கோட்டு தைக்கக் கொடுத்தேன். கவரைப்பேட்டை ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது, "மேல்நாட்டு அறிஞர்கள் கவனிக்கத் தவறியது..." என்று வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்தில் நிற்பவர்கள் மெல்ல நகர்ந்துகொள்வார்கள்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்த அம்மாள் வந்தார். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துக்காரர். புருஷன் பிடித்து வரும் மீனைக் கூடையில் எடுத்துப்போய் விற்பவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல் வலித்துப் பதினோரு நாளாகத் தூக்கமில்லை என்றார். குழாய் நீலம். மூன்று சொம்பு கூழ். இறாலைச் சொல்லவே வேண்டாம். என் கொள்கைக்காகவே பிறந்து வந்தவர் போல இருந்தார். பல்லை ஒரே இழுப்பில் எடுத்தேன். "வலிக்கவே இல்லியே நைனா" என்றார். அன்றைக்கெல்லாம் நான் தரையில் நடக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு அவரைப் புருஷன் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார். இரண்டு தாடைக்கும் அடியில் வீங்கிக் கழுத்தே தெரியவில்லை. தொட்டால் கட்டை. நாக்கு மேலே தள்ளப்பட்டு வாய் மூட முடியாமல் எச்சில் வழிந்தது. படுக்க வைத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தார். இது எந்தப் பக்கம் போகும் என்று நான் படித்திருந்தேன். படித்ததில் பரீட்சைக்கு நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் தலைக்குள் நீலம்தான் நின்றது. சர்க்கரை இல்லாத உடம்பு, பென்சிலின் கொடுத்தால் மடங்கிவிடும், சாயங்காலம் பார்த்துக் கீறலாம் என்றேன்.

சிஸ்டர் ஊசி போட்டுவிட்டு வந்து, "டாக்டர், அவங்க மூச்சுல ஏதோ பழ வாசனை வருது. யூரின் ஒரு வாட்டி பாத்துடலாமா?" என்றார். சர்க்கரை தலைக்கு மேல் போனால்தான் அந்த வாசனை வரும். எனக்கும் அது தெரியும்.

"பாத்தாச்சு சிஸ்டர். நோட்ல இருக்கு. நீலம்" என்றேன்.

பன்னிரண்டு மணிக்குச் சிஸ்டர் மறுபடி வந்தார். நான் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தையே விரலால் தட்டிக் காட்டினேன். இரண்டு மணி நேரம். ஒரு பெண் மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருக்க, நான் நோட்டைக் காட்டி வாதாடிக்கொண்டிருந்தேன். இதை எத்தனை வேடிக்கையாகச் சொன்னாலும் இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அப்போதுதான் அட்டெண்டர் உள்ளே வந்து கதவருகே நின்றார்.

"சார், அது அந்தம்மாவோடது இல்ல."

"பின்ன யாரோடது?"

"உங்களுது சார்."

எனக்கு விளங்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு மாசமா உங்களுதத்தான் ஊத்திக்கினு கீறேன். எல்லாருக்கும் இல்ல சார், சக்கர கீதுன்னு சொல்றவங்களுக்கு மட்டும். நீங்க தொரத்திடுறீங்க. அவங்க வாசல் கேட்டாண்ட உக்காந்து அழுவுறாங்க. ரெண்டு நாளு கூலிய வுட்டுட்டு மெட்ராசுக்கு எவன் சார் போவான்? ஜன்னல்ல நெறைய இருந்துச்சு. ஊத்திட்டேன்."

வேலை போய்விடும் என்று தெரிந்துதான் அவர் வாயைத் திறந்தார். எனக்கோ அந்த நொடியில் முதலில் உறைத்தது, வெட்கமாக இருக்கிறது, என் கட்டுரைதான். கும்மிடிப்பூண்டி வட்டார ஜனங்களின் உடல்நிலை பற்றி நான் எழுதியிருந்த பன்னிரண்டு பக்கமும் என்னைப் பற்றியது. அந்த அம்மாளின் ஞாபகம் அதற்கு அப்புறம்தான் வந்தது. அப்புறம் ஓடினேன்.

சிஸ்டர் புதிதாக எடுத்துக் கொடுத்ததைக் காய்ச்சினேன். பச்சையிலும் மஞ்சளிலும் நிற்காமல் நேராகச் செங்கல் நிறத்துக்குப் போயிற்று. பெரிய டாக்டர் அவசரத்துக்கென்று ஐஸில் வைத்திருந்த இன்சுலினைப் போட்டார். நான் அந்த அம்மாளை உட்காரவைத்தபடியே தாடைக்கடியில் மரக்க ஊசி போட்டுக் கீறினேன். பேராசிரியர் நன்றாக ஓடுகிறது என்று சொன்ன அதே கைதான். முதலில் ஒன்றும் வரவில்லை. இன்னும் ஆழமாக இடுக்கியை விட்டுப் பிரித்தேன். நாற்றத்தோடு சீழ் பீறிட்டது. நாலைந்து மூச்சு கழித்து நாக்கு கொஞ்சம் தாழ்ந்தது. புருஷன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரி ஜீப் பழுதாகிக் கிடந்தது. இறால் ஏற்றும் லாரி ஒன்றை அட்டெண்டர்தான் ரோட்டில் மறித்து நிறுத்தினார். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே அந்த அம்மாளை என் மேல் சாய்த்து உட்காரவைத்து, சீழ் வடியச் செருகிய ரப்பர் குழாய் நழுவாமல் தாடையைப் பிடித்தபடி மெட்ராஸ் வரை போனேன். செத்துவிடாதே, செத்துவிடாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். அதில் எவ்வளவு அவருக்காக, எவ்வளவு எனக்காக என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகப் பேராசிரியருக்கு எழுதினேன். அவர் காரணம் கேட்டார். சொன்னேன். பதில் வரவில்லை, அவர் சிரித்து முடித்திருக்கமாட்டார். அட்டெண்டரைப் பற்றி மேலதிகாரிகளுக்கு எழுதவில்லை. எழுதினால் என்னைப் பற்றியும் எழுத வேண்டிவரும் என்பது ஒரு காரணம். யார் யாருக்குச் சர்க்கரை என்று அவரிடம் கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், ரைஸ் மில்காரர், எளாவூர்க் கீரைக்காரம்மா, பள்ளிப்பட்டிலிருந்து வந்த வாத்தியார் என்று ஊர் ஊராக ஒப்பித்தார். நான் எழுதியிருக்க வேண்டிய ஆராய்ச்சி அவர் தலைக்குள் சுத்தமாக இருந்தது. இரண்டு பேரும் பஸ்ஸிலும் சைக்கிளிலுமாக அந்த வீடுகளைத் தேடிப் போனோம். சிலருக்குப் புண் தானாகவே ஆறியிருந்தது. சிலரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து, அந்த அம்மாள் பேசத் தொடங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டு மெட்ராசுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாடைக்கடியில் நான் கீறிய இடத்தில் கட்டு. திட்டு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன். ஆனால் புத்தி போகுமா? போனதும் போகாததுமாக நான்தான் கேட்டேன்:

"சர்க்கரை இருக்குதுன்னு தெரிஞ்சும் ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. விலை தெரியாமல் மீன் கேட்க வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"எத்தினி சொம்பு கூழு குடிக்கிறேன்னு கேட்ட. எத்தினி தபா எறா துன்றேன்னு கேட்ட. சொன்னேன். அட்டெண்டரு சக்கர கீதாம்மான்னு கேட்டாரு. கீது, நாலு வருசமா கீதுன்னு அவராண்ட சொன்னேன். நீ எங்க நைனா கேட்ட? பாட்டிலத்தான கேட்ட."

கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். அவர் மறுபக்கக் கன்னத்தை விரலால் இழுத்து வாயைத் திறந்து காட்டினார்.

"இங்கயும் ஒண்ணு கீது. ராவுல குத்துது. நீயே புடுங்குவியா?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன். சட்டைப்பையில் பேனா இருந்தது, எடுக்கவில்லை.

"எத்தனை நாளாம்மா வலிக்குது?" என்று கேட்டேன்.