பவுன் இறங்கிய மாதம்

நகைக்கடைக்காரர் சிவப்புத் துணி விரித்த தட்டைக் கண்ணாடி மேசைமேல் வைத்து, "நல்ல நேரம் பார்த்து வந்திருக்கிறீங்கள் அம்மா, பவுன் விலை இறங்கிப்போச்சு" என்றார். என் கலியாண நகை எடுக்க, அம்மாவும் நானும் லிங்கநகரிலிருந்து டவுனுக்குப் போன காலை அது. பல மாதமாய் அம்மா கோயிலில் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. நினைத்ததைவிட ஒரு சோடி காப்பு கூடுதலாக எடுத்தோம். அந்தப் பூரிப்பில், கடை வாசலில் நின்றபடியே அக்காவின் கணவருக்குப் போனில் கோல் எடுத்தேன். அத்தான் ஆபிரிக்காவில் ஒரு பெரிய தங்கச் சுரங்கத்தில் மேற்பார்வையாளராக இருந்தார்.

"இன்னும் கொஞ்சம் இறங்கினால் கழுத்துக்கு அட்டியலும் எடுக்கலாம் அத்தான்."

அத்தான், "ஓம், இறங்கும் போலத்தான் கிடக்கு. சந்தோசமா எடுங்கோ" என்றார்.

என் கலியாணத்துக்கு வந்த அத்தான் திரும்பிப் போகவில்லை. லீவு நீண்டுவிட்டது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் என் கணவர் விடாமல் கேட்டபோதுதான் வாய் திறந்தார்.

"பவுன் விலையை எந்தக் கம்பனியாலயும் ஏத்த ஏலாது. அதால ஆர் குறைஞ்ச செலவில தோண்டுறது எண்டுதான் போட்டி. நாங்கள் பிந்தினால், காசு போட்டவை பக்கத்துக் கம்பனிக்குப் போயிடுவினம். அவங்கள் தங்கம் கூடின பாறையை மட்டும் வெட்டினாங்கள். நாங்களும் மற்றக் குழியளை மூடினம். அவங்கள் ஆக்களைக் குறைச்சாங்கள், நாங்களும் குறைச்சம். என்ர ஆக்களுக்கு வேலை இல்லையெண்டு நான்தான் சொன்னனான். கடைசியில எனக்கும் சொல்லிச்சினம்."

அவர் சொல்லாமல் விட்டதை அக்கா பிறகு சொன்னாள். கடை வாசலிலிருந்து நான் பேசியபோது, வேலை போன ஆட்கள் அத்தானின் அறைக்கு வெளியே காத்து நின்றார்களாம். என் காப்புக்காக உலகச் சந்தை இறங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு என் குரலில் இருந்த குதூகலத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

இப்போது பவுன் கைக்கெட்டாத உயரத்துக்கு ஏறிவிட்டது. அத்தான் துறைமுகப் பக்கம் ஒரு கராஜில் படகு எஞ்சின் திருத்துகிறார். போன மாதம் பழைய கம்பனி அவரைத் திரும்பக் கூப்பிட்டதாம். "என்ர ஆக்களையும் எடுப்பீங்களோ?" என்று கேட்டிருக்கிறார். இப்போது மெசின்கள் வந்துவிட்டன, அவ்வளவு ஆட்கள் தேவையில்லை என்றார்களாம். வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

அக்கா இதைச் சொல்லி முடிக்குமுன்பே, "நல்ல சம்பளமெல்லோ, போயிருக்கலாமே" என்று என் வாயில் வந்துவிட்டது. அக்கா என் கையில் கிடந்த அந்தக் காப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.