பதினேழாம் போர்ட்டுக்குக் கொடுத்த முதலிடம்

என் தங்கையின் மூத்த மகளைக் கட்டியவரை எங்கள் வீட்டில் பெட்டி மாப்பிள்ளை என்போம். மூன்று மாடி ஆஸ்பத்திரியில் மாடிப்படிக்குக் கீழே ஒரு குளிரூட்டிய அறை. அதற்குள் நாற்பத்தெட்டு வயர் சொருகிய சுவிட்ச். விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. கட்டடத்தின் கம்ப்யூட்டர், ஃபோன் எல்லாம் அந்தப் பெட்டியில் வந்து சேர்ந்துதான் பிரிந்து போகும். கல்யாணமான புதிதில், சுவிட்ச் வேலை என்றதும் என் தங்கை வீட்டு ஃபேனைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். மறுபேச்சில்லாமல் சரிசெய்து கொடுத்தார். முடியாது என்று சொல்ல வராத வாய்.

வேலையை வாங்கிக் கொடுத்தது என் தங்கையின் மகன், அதாவது மாப்பிள்ளைக்கு மச்சான். அங்கேயே நிர்வாக அதிகாரி. ஒரு வருஷம் முடிந்தால் வேலை நிரந்தரம். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

நெரிசல் வந்தால் எது முன்னால் போகும், எது காத்திருக்கும் என்று சுவிட்சுக்கு எழுதி வைப்பது மாப்பிள்ளையின் வேலை. ஃபோன் பேச்சு முதல் வரிசை. காத்திருந்தால் சொல் உடைந்துவிடும். எக்ஸ்ரே படம் இரண்டாவது. கோப்புகள் கடைசி, பத்து நிமிஷம் பிந்தினாலும் ஊசிப்போகாது.

வீடியோ மீட்டிங்கில் தன் முகம் திறந்த வாயோடு உறைந்து நிற்கிறது என்று மச்சான் ஒருநாள் குறைப்பட்டார். அவருடைய கம்ப்யூட்டர் வயர் சொருகியிருப்பது பெட்டியின் பதினேழாம் துளையில், அதாவது பதினேழாம் போர்ட். அதிலிருந்து எது வந்தாலும் முதல் வரிசையில் விடு என்று மாப்பிள்ளை ஒரு வரி எழுதினார். மீட்டிங்கை மட்டும் பிரித்து எழுதியிருக்கலாம். மச்சான்தானே என்று மொத்தமாக எழுதிவிட்டார்.

எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு தலைமை அலுவலகம் பத்து வருஷக் கோப்புகளை அனுப்பச் சொன்னது. ஒரு திங்கட்கிழமை காலை மச்சான் பட்டனைத் தட்டிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். ரத்த வங்கி எதிர்க் கட்டடத்தில், ஃபோன் இணைப்பகமும் அங்கேதான். யார் யாரோடு பேசினாலும் அங்கே போய்வரும் பேச்சும் தலைமை அலுவலகத்துக்குப் போகும் கோப்பும் வெளியேறுவது ஒரே வயரில். ஆபரேஷன் தியேட்டர் தலைமை நர்ஸ் ரத்தம் கேட்டு ஃபோன் செய்தார். ஒரு சொல் கேட்டது, மூன்று கேட்கவில்லை. ஃபோனைப் போட்டுவிட்டு மூன்று மாடி இறங்கி, முற்றத்தைத் தாண்டி ஓடினார். நோயாளி பிழைத்தார்.

மத்தியானம் அந்த அம்மாள் மாடிப்படி அறைக்கு வந்தார். "உங்க பெட்டியை விட என் முட்டி நல்லா வேலை செய்யுது சார். ஆனா அதுக்கும் அம்பத்தஞ்சு வயசாச்சு."

முதல் வரிசையை அடைத்துக்கொண்டிருப்பது யார் என்று மாப்பிள்ளை பார்த்தார். பதினேழு. தன் கையால் எழுதிய வரி. நிரந்தரக் கடிதத்துக்கு இன்னும் பத்து நாள். மச்சானைக் கேட்டுவிட்டு எடுக்கலாம் என்று எழுந்தவர், கேட்டால் கோப்பு முடியட்டும் என்பார் என்று மறுபடி உட்கார்ந்தார். வரியை அழித்தார். புகார்ப் புத்தகத்தில் எழுத வேண்டியதை எழுதினார். பிறகுதான் மாடி ஏறினார்.

"மச்சான், உங்க கம்ப்யூட்டரை முதல் வரிசையிலேர்ந்து எடுத்துட்டேன்."

"எடுக்கப் போறீங்களா, எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன். மீட்டிங் ரெண்டாவதுல போகும். கோப்பெல்லாம் கடைசி."

"உங்களை இங்க கொண்டாந்து உக்கார வெச்சது யாரு மாப்ள?"

"நீங்கதான். அதுக்காகத்தான் அந்த வரியை எழுதினேன். நர்ஸம்மா ஓடினது அதனாலதான்."

கடிதம் அந்த மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. மகன் ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம் என்று என் தங்கை என்னிடம் வந்து மூக்கைச் சிந்தினாள்.

மூன்றாம் மாதம் ஒரு காலை, மாப்பிள்ளையின் மேசை ஃபோன் அடித்தது. மச்சான். புகார்ப் புத்தகத்தை அன்றுதான் புரட்டியிருக்கிறார். தவறு என்னுடையது என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்கும் சேர்த்துத் திட்டினார். கம்ப்யூட்டர் ஆமையாக ஊர்கிறது, மிச்சக் கோப்பு இப்போதும் போய்க்கொண்டே இருக்கிறது, சொந்தம் என்று பார்த்ததற்குத் தனக்கு இதுவும் வேண்டும் இன்னமும் வேண்டும் என்று கால்மணி நேரம். கடைசியில், கடிதம் மேசைமேல் கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

மாப்பிள்ளை ஃபோனை வைத்துவிட்டுத் தன் குறிப்பேட்டைத் திறந்தார். கோப்பு போகும் நேரத்தில் ஃபோன் சோதனை, பதினைந்து நிமிஷம், ஒரு சொல்கூட விடுபடவில்லை என்று எழுதிவிட்டு மாடி ஏறினார்.