சீன எழுத்தில் படித்த ஆங்கிலம்

மகள் மருத்துவம் படிக்கச் சீனாவுக்குப் போய் ஒரு வாரமாகிறது. திருச்சி விமான நிலையத்தில் அவளை விட்டுவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கைப்பேசி அடித்தால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறேன். உறவுக்காரர்களுக்கு இது வேடிக்கை. "சீனாக்காரி பெத்த மக வேற எங்குட்டுப் போவா?" என்கிறார்கள். அந்தப் பட்டப்பெயர் எனக்குப் பத்து வயதில் வந்தது. வெட்கப்பட ஒன்றுமில்லை. சண்டை போட்டுச் சம்பாதித்த பெயர்.

அம்மாவின் தம்பி, என் மாமா, சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தார். விடுப்பில் வந்தால் காரைக்குடி செக்காலையில் இருந்த எங்கள் வீட்டில்தான் பெட்டியைத் திறப்பார். பங்காளிகள் எல்லாரும் வந்து சேரும்வரை யாரும் அதில் கை வைக்கக் கூடாது. எனக்குப் பத்து வயதாகியிருந்த அந்தத் தடவை பெரியப்பாவுக்கு டார்ச் லைட், அண்ணனுக்குக் கைக்கடிகாரம், அம்மாவுக்குச் சேலையும் கோடாலித் தைலமும். என் முறை வந்தபோது அடியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார்.

"தாயி, ஒனக்கு இங்கிலீசு படிக்கிற புத்தகம். கடக்காரன்ட்ட கேட்டு வாங்குனேன்."

பெரியப்பா தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர். புத்தகத்தை வாங்கி விரித்தவர் சிரிக்கத் தொடங்கினார். ஓர் ஆங்கிலச் சொல், பக்கத்தில் சீனத்தில் அதன் பொருள். கீழே ஓர் ஆங்கில வாக்கியம், அதற்கும் சீன மொழிபெயர்ப்பு. சீனப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்க அச்சடித்தது அது.

"ஏப்பா, கோழி கிண்டுன மாதிரியில்ல இருக்கு. இதப் படிக்க இவ மொதல்ல சீனாவுல பெறந்துட்டு வரணும்."

வீடே சிரித்தது. மாமா ஐந்தாவதோடு நின்றவர். அவருக்கு ஆங்கிலப் புத்தகம் என்றால் ஆங்கிலப் புத்தகம்தான். பெட்டிக்குள் எதையோ தேடுவதுபோல அவர் குனிந்துகொண்டார். எனக்குச் சுருக்கென்றது.

"எனக்கு இதுதான் வேணும். இத வச்சே படிச்சுக் காட்டுறேன்" என்றேன்.

அப்பா அண்ணனை ஆங்கில வழியில் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். ஆறாம் வகுப்புக்குப் போகவிருந்த எனக்கு அது வேண்டாம் என்பது அவர் முடிவு. சிரிப்போடு சிரிப்பாகச் சொன்னார்: "மாமன் ஊருக்குப் போறதுக்குள்ள இதுல நாலு பக்கம் படிச்சுக் காட்டு. ஒன்னையும் இங்கிலீசு மீடியத்துல சேத்துவிடுறேன்." பங்காளிகள் முன்னால் சொன்ன வார்த்தை. நான் விடுவதாக இல்லை.

பள்ளியில் படித்த சில சொற்கள்தான் எனக்குக் கைமுதல். 'ரெயின்' தெரியும். அதற்கு நேரே இருந்த சீன எழுத்து, ஜன்னலுக்குள் நாலு துளி தெறித்தது போலிருந்தது. சில பக்கம் தள்ளி 'தண்டர்' என்று ஒரு சொல். அதன் சீன எழுத்தின் தலையிலும் அதே ஜன்னல், அதே துளிகள். இது மழைக்கு உறவுக்காரன் என்று பட்டது. கீழே வாக்கியத்தில் ஒரு பிள்ளை சத்தம் கேட்டு அம்மாவிடம் ஓடியது. மழையோடு வந்து பிள்ளையைப் பயமுறுத்துகிற சத்தம் இடியல்லாமல் வேறென்ன? இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பிடித்தேன். 'ஸ்னோ'வின் தலையிலும் மழை இருந்தது. வாக்கியம் அதை வெள்ளை என்றது. ஆலங்கட்டி என்று முடிவுகட்டினேன்.

தெருப் பிள்ளைகள் "சீனாக்காரி, சீனாக்காரி" என்று பின்னால் கத்தினார்கள். கத்தட்டும் என்று இன்னும் சத்தமாகப் படித்தேன்.

மாமா கிளம்பும் நாள் வந்தது. வழியனுப்ப வந்திருந்த பெரியப்பா, ஆங்கிலச் சொல்லைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு சீன எழுத்தைக் காட்டினார்.

"இது என்னத்தா?"

"இடி. இங்கிலீசுல தண்டர்." வாக்கியத்தையும் ஒப்பித்து அர்த்தம் சொன்னேன். நாலு பக்கம் தாண்டியும் அவர் நிறுத்தவில்லை. ஸ்னோவுக்கு ஆலங்கட்டி என்றதும் புத்தகத்தை மூடினார். "காரைக்குடிக்கு இது போதும்ப்பா. இவளச் சேத்துவிடு."

அப்பா தலையைச் சொறிந்தார். "வெளையாட்டுக்குச் சொன்னேண்ணே. பொம்பளப்புள்ளைக்குத் தமிழ் மீடியம் போதாதா?"

ஒன்றரைக்கு ராகு காலம் தொடங்கும். அதற்குள் பெட்டி வாசற்படி தாண்டிவிட்டால் பயணம் கிளம்பியதாகக் கணக்கு. கயிறு கட்டி நடுவீட்டில் வைத்திருந்த அந்தப் பெட்டிமேல் நான் ஏறி உட்கார்ந்தேன்.

"சேத்துவிடுறேன்னு சொன்னாத்தான் எந்திரிப்பேன்."

அப்பா கையை ஓங்கினார். பெரியப்பா தடுத்தார். "அடிச்சுப்புடாதப்பா. பயணத்தப்ப பொம்பளப்புள்ள அழுதா வெளங்குமா?" அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்தேன்.

அம்மா கெஞ்சினாள். அண்ணன் புதுக் கடிகாரத்தில் மணி சொல்லிக்கொண்டே இருந்தான். சிமெண்டு மூட்டை தூக்கிய மாமாவுக்கு என்னைத் தூக்கி இறக்குவது ஒரு வேலையே இல்லை. அவரோ என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"இருக்கட்டும் மச்சான். நீக சொன்ன சொல்லுதான. நேரம் தப்புனா நான் இன்னிக்குப் போகல."

"டிக்கெட்டு என்னத்துக்காவுறது மாப்ள?"

"அது கெடக்கு."

அப்பா அண்ணனின் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். "சரி, சேத்துவிடுறேன். எந்திரி" என்றார். பெரியப்பா காதுபட இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். அந்த ஜூனில் சேர்த்தும் விட்டார். பெட்டிமேல் உட்கார்ந்ததற்காக இன்றுவரை நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.

அன்று அப்பா இரண்டாம் தடவை சொன்னதும் குதித்து இறங்கினேன். "மாமா, கெளம்புங்க, நேரமாச்சு" என்று நானே பெட்டியை வாசலுக்குத் தள்ளினேன். மாமா மெதுவாகத்தான் எழுந்தார். வேட்டியில் ஒட்டாத தூசியை வெகுநேரம் தட்டினார்.

எனக்காக மாமா பயணத்தையே விடத் துணிந்தார் என்று பல வருடம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். பொய்யில்லை, அவர் என் பக்கம்தான் நின்றார். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது பள்ளியில் ஓர் இடம் மட்டுமே. அந்தப் பெட்டி நகரவே கூடாது என்று உண்மையாக நினைத்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் என்பது, அதை முழுப் பலத்தோடு வாசற்படி தாண்டித் தள்ளிய எனக்குத் தெரியவில்லை.