இரும்புக் கலப்பை உழுத பாதி

ராமேஸ்வரம் போகிறவர்கள் பரமக்குடியில் இறங்குவது அபூர்வம். அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு புரட்டாசிக் கடைசியில், நான் இறங்கினேன். அபிராமம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்த என் தங்கை மாரியம்மாள், நிலம் பிரிக்கிறார்கள், துணைக்கு வா என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. இரண்டு பிள்ளைகளோடு அவள் வருஷம் முழுக்கச் சாப்பிட்டது அந்த நிலத்துச் சோளத்தைத்தான்.

மதுரையிலிருந்து பரமக்குடிக்கு ஏறக்குறைய ஐம்பது மைல், ரயிலில் சுகமாகப் போகலாம். அங்கிருந்து அபிராமத்துக்கு பஸ். பஸ் என்பது மரியாதைக்குச் சொல்வது; பாதி வழி நாங்கள்தான் அதைத் தள்ளினோம். பிறகு இரண்டு மைல் கரிசல் காட்டில் நடை.

அந்தக் குடும்ப வழக்கப்படி மூத்தவர் நிலத்தைப் பிரிப்பார், இளையவர் முதலில் எடுப்பார். தங்கையின் மூத்தார், அதாவது கணவரின் அண்ணன், சிவனாண்டி நிலத்தை நடுவில் வரப்பு போட்டுப் பிரித்திருந்தார். கிழக்குப் பாதி நாலைந்து வருஷமாக அவர் பார்த்தது. இரும்புக் கலப்பையால் ஆழமாக, திரும்பத் திரும்ப உழுது, மண் மாவு போலக் கிடந்தது. மேற்குப் பாதியை மாரி பார்த்தாள். மரக்கலப்பையால் லேசாக ஒரு கீறல், போன வருஷத்துச் சோளத்தட்டையின் அடிக்கட்டை, ராத்திரியில் ஆடுகளை அடைத்துக் கிடை போட்ட புழுக்கை. பார்க்கவே சகிக்கவில்லை.

"கெழக்க எடுத்துக்க, தாயி. தம்பி இல்லாத நேரத்துல மோசமானதைத் தள்ளிவிட்டேன்னு எனக்குப் பேர் வரக்கூடாது" என்றார் சிவனாண்டி. நல்ல மனுஷர், மனசார அப்படிச் சொன்னார். எடுத்துக்கொள் என்று நானும் கண்ணைக் காட்டினேன்.

மாரி அசையவில்லை. "எனக்கு மேக்கயே போதும்."

சிவனாண்டியின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் எரிச்சல்தான். வீட்டுக்கு வந்து அவளைப் பிடித்தேன். அவள் இரண்டு பாதியிலிருந்தும் ஒவ்வொரு சிறு மண்கட்டி பொறுக்கிக்கொண்டுவந்து இரண்டு கிண்ணத் தண்ணீரில் போட்டாள். கிழக்குக் கட்டி பேசிக்கொண்டிருக்கும்போதே சேறாகக் கரைந்தது. மேற்குக் கட்டி அப்படியே உட்கார்ந்திருந்தது.

"ரெண்டு பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊத்தணும், அண்ணே" என்றாள்.

காரணம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. மண்ணைத் துகள் துகளாகப் போகாமல் பிடித்து வைப்பதில் மக்கிய தழைக்கும் வேருக்கும் பெரிய பங்கு உண்டு. உழுது புரட்டப் புரட்டக் காற்றுப் பட்டு அந்த மக்கு சீக்கிரம் தீர்ந்துபோகும். அதிலிருக்கிற கரியெல்லாம் காற்றோடு கலந்துவிடும். வேரையும் தட்டையையும் மண்ணிலேயே விட்டு, கிளறாமலும் இருந்தால் அது தங்கும்.

இரண்டு பேரும் விதைத்தார்கள். நான் கிளம்பிய அன்று நல்ல மழை. ராமேஸ்வரத்தில் நாலு நாள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் நண்பர் வீட்டில் இரண்டு நாள் மீனாகச் சாப்பிட்டேன். மனசெல்லாம் அந்த வரப்பில்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது மேற்கே பச்சை தலைகாட்டியிருந்தது. கிழக்கே மழையில் கரைந்த மண் அப்பளமாகக் காய்ந்து இறுகி, முளை மேலே வர வழியில்லாமல் கிடந்தது. சிவனாண்டியும் அவர் மனைவியும் குச்சியால் இறுகிய மேல் ஏட்டைக் குத்தி உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு குனிந்திருந்த மூன்றாவது ஆள் மாரி.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா, தாயி?" என்றார் சிவனாண்டி.

"தெரியும். சொல்லியிருந்தா, மேக்க நெலத்துக்கு ஆசைப்பட்டுக் கதை விடுறேன்னு நெனச்சிருப்பீக."

அவர் குச்சியை ஊன்றி நிமிர்ந்தார்.

"அறுப்பு முடியவும் மொத கிடை ஒங்க பக்கத்துல போட ஆட்டுக்காரர்ட்டச் சொல்லிருக்கேன். கலப்பைய மட்டும் கொஞ்சம் மறந்துருங்க" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி குனிந்தார். நானும் ஒரு குச்சியைத் தேடி எடுத்தேன்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: மழை பெய்த மறுநாள் கரிசலில் இறங்காதீர்கள், செருப்பு உங்களோடு திரும்பி வராது. தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். தை மாதம் போனால் சோளக் கதிர் பார்க்கலாம்.

கிழக்குப் பாதி தேற வெகு வருஷம் ஆனது. கடைசியாக நான் போனபோது நடு வரப்பு அப்படியே இருந்தது. எந்தப் பக்கம் யாருடையது என்று மண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.