பயந்த ஆள் செய்த செயின் கவர்

முந்தாநாள் காலையில் தொலைபேசி அடித்தது. பாக்கியம் அக்காவின் மகன் பேசினான். "அம்மா போயிட்டாவ, சார்" என்றான். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான், "எங்க வச்சுப்பா?" என்று கேட்டேன். அவனுக்கு என் கேள்வி புரிந்துவிட்டது. "வீட்ல வச்சுதான் சார். கட்டில்ல. நாங்க எல்லாரும் பக்கத்துலதான் இருந்தோம். வண்டியில ஒண்ணும் இல்ல" என்றான்.

ரிசீவரை வைத்தேன். துக்கம் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் நிம்மதி வந்துவிட்டது. இதை ஓர் அஞ்சலிக் கட்டுரையில் எழுதலாமா என்று யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய மோட்டார் சைக்கிள்களோடு கூடும் நம் கோவில்பட்டி நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன். அக்காவைப் பற்றிய கெட்ட செய்தி வந்தால் ஏதாவது ஒரு சாலையிலிருந்துதான் வரும் என்று நாம் எல்லோருமே பல வருடங்கள் பயந்திருந்தோம். எனக்கு அந்தப் பயத்தில் கூடுதலான பங்கு உண்டு.

அக்காவின் கணவரான அண்ணாச்சி சிறிய தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவர். அவருடைய தகப்பனார் காலத்து மோட்டார் சைக்கிள்தான் நம் கூட்டத்திலேயே வயதில் மூத்த வண்டி. பாக்கியம் என்னைவிட வயதில் இளையவராக இருந்தாலும் நானும் மற்றவர்களைப் போல அவரை அக்கா என்றே கூப்பிட்டேன். வேறு எதுவும் அவருக்குப் பொருந்தவில்லை. நாமெல்லாம் வண்டியின் வயதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் டீ கிளாஸோடு வந்து, "கெழடு கெழடுன்னு பெருமையா சொல்லுதீய. ஒங்க வயசக் கேட்டா மட்டும் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கீய" என்பார்.

எப்போதும்வென்றான் என்ற ஊருக்கு அந்தப் பக்கம், உள்ளே தள்ளி, அக்காவின் பிறந்த வீட்டுப் பங்காகக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. பஸ்ஸில் போனால் இறங்கி வெகுதூரம் நடக்க வேண்டும். அவருக்கு மூட்டு வலி. ஆகவே வாரந்தோறும் அண்ணாச்சியின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போய்வருவார். உளுந்தா, பருத்தியா, எப்போது விதைப்பது, யாரைக் களையெடுக்கக் கூப்பிடுவது, எல்லாம் அவர் முடிவு. அண்ணாச்சி வரப்பில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

வெளியூர் நண்பர்களுக்காக நம் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கரிசல் மண் மழையில் நனைந்தால் மண்ணாக இருக்காது, பசையாகிவிடும். செயினை முழுவதுமாக மூடும் கவருக்குள் அது போய் அப்பிக்கொண்டால் கொஞ்ச தூரத்தில் பின்சக்கரம் நின்றுவிடும். அதனால் ஐப்பசி பிறந்ததும் செயின் கவரைக் கழற்றி ஆணியில் தொங்கவிடுவோம். தையில் திரும்ப மாட்டுவோம். கழற்றுவதில் நமக்கு இருந்த சுறுசுறுப்பு மாட்டுவதில் இருந்ததில்லை. ஒரு வருடம் அண்ணாச்சி தையில் மாட்டவில்லை. மாசியிலும் மாட்டவில்லை. ஆடியும் வந்துவிட்டது.

ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நிலத்துக்குப் போகும் வழியில் பசுவந்தனையைத் தாண்டியதும் அக்காவின் சேலைத் தலைப்பு கையிலிருந்து நழுவிச் செயினில் சிக்கியது. அந்த வண்டியில் செயின் இடது பக்கம். பெண்கள் காலைத் தொங்கவிட்டு உட்காருவதும் அதே பக்கம். வண்டி சரிந்து, இருவரும் விழுந்தார்கள். அக்காவுக்கு முழங்கையிலும் இடுப்பிலும் நல்ல அடி. சேலை பாதிக்கு மேல் செயினுக்குள் போய்விட்டது. பக்கத்துப் புஞ்சைக் காட்டில் வேலை செய்த பெண்கள் ஓடிவந்து சுற்றி நின்று மறைத்து, மாற்றுச் சேலை கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு எழுந்த அக்கா வண்டியைப் பார்த்து, "தின்னுட்டு நிக்கத பாரு, ஒண்ணும் தெரியாதது மாதிரி" என்றாராம்.

அண்ணாச்சியால் சிரிக்க முடியவில்லை. இனி அவள் இந்த வண்டியில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். நிலத்தை வாரத்துக்கு, விளைச்சலில் பங்கு பேசி, வேறொருவரிடம் விட்டுவிடலாம் என்று ஆள் பார்க்கவும் தொடங்கினார். அக்காவுக்கு விழுந்தது பெரிதாகத் தெரியவில்லை. விதைப்பு நெருங்கும் நேரத்தில் நிலம் கையைவிட்டுப் போகிறது என்பதுதான் அவரைத் தின்றது.

ஒருநாள் மாலையில் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணாச்சியின் கையில் துருப்பிடித்த பழைய செயின் கவர். அதை அக்காதான் தூக்கிவரச் சொல்லியிருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"சார், நீங்களே சொல்லுங்க. நான் வேண்டாங்கேன். இவ கேக்க மாட்டேங்கா" என்றார் அண்ணாச்சி.

"சார் எதுக்குச் சொல்லணும்? நான் சொல்லுதேன்" என்றார் அக்கா. "போன வருசம் ஓடையில கல்லு அடிச்சு எஞ்சின்ல கீறல் விழுந்துட்டுல்லா? ஒரு வாரம் சோறு எறங்கல இவியளுக்கு. ஒடனே எஞ்சினுக்கு அடியில தகடு அடிச்சாச்சு. வெல்டிங் என்ன, பாலீஷ் என்ன! எஞ்சினுக்குத் தகடு இருக்கு. பொண்டாட்டிக்கு ஒரு தகடு இல்ல."

"ஏட்டி, அந்த எஞ்சின் கேஸ் இப்ப எங்கயும் கெடைக்காது" என்றார் அண்ணாச்சி, யோசிக்காமல்.

"நான் கெடைப்பேனோ?"

அண்ணாச்சி என் மனைவி வைத்த காப்பியைக் குடிக்க ஆரம்பித்தார்.

நம் ஊரில் நல்ல பட்டறைக்காரர்கள் இருந்தார்கள். நம் கூட்டத்திலேயே வண்டியைப் பிரித்துக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறவர்கள் உண்டு. நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். என் வண்டியில் ஒரு போல்ட்டைத் திருகினால் நாலு தடவை போய்ப் பார்க்கிறவன். என்னிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். அக்கா சொன்ன பதில் அப்படியே நினைவிருக்கிறது.

"அவங்கல்லாம் தைரியசாலிய சார். இது போதும்னு விட்டுருவாவ. நீங்க பயந்த ஆளு. பயந்த ஆளு செஞ்சு குடுத்தாத்தான் நான் ஏறுவேன்."

என் வாழ்நாளில் என் பயத்தைக் கேட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். மறுக்க எனக்குத் தைரியம் இல்லை. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமும் இல்லை.

பழைய கவரைச் சுத்தம் செய்வதற்கு முன்னால், வழக்கம்போல, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே காய்ந்திருந்த மண் முழுக்க அடிப்பாதியில்தான் இருந்தது. மேல்பாதியில் எண்ணெய்க் கறை மட்டும். சேலை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வருகிறது, மண் கீழிருந்து வருகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டையும் ஒரே பெட்டியால் தடுக்க நினைத்ததால் மழைக்காலத்தில் இரண்டுக்கும் வழியைத் திறந்துவிட வேண்டியதாகியிருந்தது. வருடத்தில் பாதி நாள் ஆணியில் தொங்குகிற கவரால் யாருக்கு என்ன காவல்?

பட்டறையில் சொல்லி மேல்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் அகலமான தகட்டால் மூடினோம். பின் சக்கரத்தின் பல்சக்கரம் முழுவதும் மறையும்படி தகட்டை நீட்டினோம். அடிப்பக்கத்தைத் திறந்து விட்டோம். மண் தங்காமல் விழும்படி டயருக்கும் தகட்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி. சேலையை விலக்கி நிறுத்த ஒரு கம்பி வலையும் வைத்தோம். எழுதும்போது சுலபமாக இருக்கிறது. செய்யும்போது ஒவ்வொரு மூலையும் எனக்கு ஒரு சேலைத் தலைப்பாகத் தெரிந்தது.

பிறகு வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, என் மனைவியின் பழைய நூல்சேலையை எல்லாப் பக்கமிருந்தும் அதன்மேல் வீசிப் பார்த்தேன். மேசை விசிறியை வைத்தும் பார்த்தேன். அண்ணாச்சி வாசலில் நின்று, "ஏட்டி, இங்கன வந்து பாரு. சார் வண்டிக்குச் சேலை கட்டிப் பூசை போடுதாரு" என்று சத்தம் போட்டார். அக்கா வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "ஈரச் சேலையையும் போட்டுப் பாத்துருங்க சார், மழையில போறதுல்லா" என்றார். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. நனைத்துப் போட்டுப் பார்த்தேன். சிக்கவில்லை. பட்டுச்சேலையை எடுக்கப் போனபோது என் மனைவி பீரோவைப் பூட்டிவிட்டாள்.

அண்ணாச்சி ஒரு நிபந்தனை வைத்தார். ஐப்பசி மழையில் ஒருமுறை காட்டுக்குப் போய்த் திரும்புவது. கவரைக் கழற்ற வேண்டியிருந்தாலோ, சேலை அதன் பக்கம் போனாலோ, நிலம் வாரத்துக்கு. அக்கா ஒப்புக்கொண்டார். என்னை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் என் வண்டியில் பின்னாலேயே போனேன். போகும்போது என் கண் சாலையில் இல்லை, அந்தக் கவரிலேயே இருந்தது. தப்புதான்.

தார்ச்சாலையை விட்டு இறங்கியதும் மண் ஏறத் தொடங்கியது. கொஞ்ச தூரத்தில் கவரின் அடியிலிருந்து முதல் கட்டி சொத்தென்று விழுந்தது. பிறகு இன்னொன்று. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. காடு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் வண்டி திணறி நின்றது. இறங்கி ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். செயின் சுத்தமாக இருந்தது. அண்ணாச்சியின் பாலீஷ் போட்ட எஞ்சின் தகடுதான், தொட்டியைப் போல மண்ணை நிறைத்து எஞ்சினை மூடியிருந்தது. காற்றுப் படாமல் எஞ்சின் சூடாகி நின்றுவிட்டது.

அண்ணாச்சி மழையில் மண்டியிட்டு, தன் தகட்டைத் தானே கழற்றினார். அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார், தனக்கு மட்டும்.

"கழட்டி எங்க வைக்கப் போறீய?"

"நீதான் மடியில வச்சுக்கிடணும்."

"வச்சுக்கிடுதேன். எஞ்சினுக்கு வேண்டாம்னுட்டீயன்னா எனக்காவது ஆகும்" என்றார். மண்ணில் உட்காராத குறையாக அண்ணாச்சி சிரித்தார். விழுந்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அந்த வருடம் உளுந்து விதைத்தார்கள். வாரப் பேச்சை யாரும் திரும்ப எடுக்கவில்லை. அண்ணாச்சி பிறகு துளை போட்ட வேறொரு தகடு செய்துகொண்டார். அந்தக் கவரை நம்மில் பலர் பார்த்துச் செய்துகொண்டதும், பட்டறையில் 'அக்கா கவர்' என்றே கேட்டு வாங்கியதும் நீங்கள் அறிந்ததே. பத்து வருடத்துக்கும் மேலாக அக்கா அந்த வண்டியில் போய்வந்தார். ஒவ்வொரு ஐப்பசியிலும் நான் போய்க் குனிந்து பார்ப்பேன். "இன்னும் பயம் போகலியா சார்?" என்பார். போகவில்லை.

நேற்று மயானத்திலிருந்து திரும்பி வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தபோது, இனி அப்படிக் குனிந்து பார்க்க வேண்டியதில்லை என்று தோன்றியது. என் பயம் பொய்த்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அழுதேன்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு காட்சி. அந்த முதல் மழைப் பயணத்தில் திரும்பி வரும்போது மழை விட்டுவிட்டது. பசுவந்தனையைத் தாண்டியதும் அக்காவின் தலை மெல்லச் சாய்ந்து அண்ணாச்சியின் முதுகில் படிந்தது. தூங்கிவிட்டார். பதறிப்போய் ஹாரனை அழுத்தினேன். தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்து, "என்ன சார், ஒரு மனுசி நிம்மதியா கண்ணசரக் கூடாதா?" என்று கத்தினார். பிறகு சேலையை இழுத்து மடியில் இருந்த தகட்டின் அடியில் செருகிக்கொண்டு, பழையபடி சாய்ந்துகொண்டார். கோவில்பட்டி வரும்வரை நான் ஹாரனைத் தொடவில்லை.