வரோம் என்ற ஒரு சொல்

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போன வாடிக்கையாளர்களை, பதினோரு வருடத்தில், நான் விரல்விட்டு எண்ணிவிடலாம். புதுச்சேரியில் உப்பளம் பக்கம் கட்டிலும் மெத்தையும் விற்கிற பெரிய ஷோரூமில் எனக்கு வேலை. குடும்பமாக வருவார்கள். மெத்தையில் உட்கார்ந்து, கையால் அமுக்கிப் பார்த்து, குழந்தைகளைக் குதிக்க விட்டு, நான் கொடுத்த தண்ணீரையும் குடித்துவிட்டு, "சரிம்மா, வரோம்" என்று கிளம்புவார்கள். அந்த "வரோம்" என்றால் என்ன என்று இந்த ஊரில் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரான்சில் முப்பது வருடம் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பிய ஒரு பெரியவர் பேச்சுக்குப் பேச்சு "மெர்சி" என்று பிரெஞ்சில்தான் நன்றி சொன்னார். வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும் "வரேம்மா". "போறேன்" என்று சொல்ல அவருக்கும் நா எழவில்லை.

வேறு மாநிலத்தில் இருந்த தலைமை அலுவலகத்துக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஆளுக்கொரு டேப்லெட்டைக் கொடுத்தார்கள். வாங்காமல் போகிற ஒவ்வொருவரைப் பற்றியும் அதில் ஒரு கேள்வி: மறுபடி வருவாரா? ஆம், இல்லை. இரண்டில் ஒன்றைத் தொட வேண்டும்.

நான் "ஆம்" தொட்டேன். எல்லோருக்கும். வர மாட்டார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் காலையில் இன்னும் போணி ஆகாத நேரம், முதலில் வந்தவர் படி இறங்கிப் போகும்போது "வர மாட்டார்" என்று எந்தக் கை எழுதும்? அரிசி தீர்ந்துபோனால்கூட "இல்லை" என்று சொல்லாமல் "நிறைஞ்சு போச்சு" என்று சொல்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். விரல் தானாக "ஆம்" பக்கம் போய்விடும்.

எங்கள் "ஆம்"களைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்குப் புதுச்சேரியே மெத்தை வாங்கக் காத்திருப்பதாகத் தெரிந்திருக்கிறது. லாரி லாரியாகச் சரக்கு வந்து இறங்கியது. அதுவும் எப்போது? ஆடியில், புதுமணத் தம்பதிகளுக்கு இரட்டைக் கட்டில் தள்ளுபடி! ஆடி பிறந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகிற ஊரில். எங்கள் மேனேஜர் இந்த ஊர்க்காரர்தான். "மேல சொல்லுங்க சார்" என்றேன். "சொன்னா மட்டும் கேட்டுடுவாங்களா?" என்றுவிட்டு ஏசி ரிமோட்டைத் தேடப் போனார்.

கட்டில்கள் அப்படியே நின்றன. "ஆம்" என்று பதிவானவர்களுக்கெல்லாம் போன் செய்யச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நின்று நின்று கால் வீங்கியது போதாதென்று தொண்டையும் கட்டியது. எங்கள் ஊர்க் கதிர்காமம் பகுதியிலிருந்து வந்துபோன பழைய மில் தொழிலாளி ஒருவருக்கு மூன்றாம் முறை போன் செய்தேன்.

"ஏம்மா, வாங்கலன்னு அன்னிக்கே சொல்லியிருப்பேன். உக்கார வெச்சு தண்ணியெல்லாம் குடுத்தியே, மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது?" என்றார். கடைசியில் "சரிம்மா, வரோம்" என்று வைத்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அசதியாக இருந்தது. டேப்லெட் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டது. "ஆம்" தொட்டேன்.

வருகிறேன் என்றவர்களை வரவழைக்கத் தெரியாத ஆள் என்று கடைசியில் என் தலையில் விடிந்தது. கடையிலேயே அதிக "ஆம்" என்னுடையதாம். மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார்கள். நாற்பத்தெட்டு வயதில், இந்த முட்டிவலியை வைத்துக்கொண்டு, இனி எந்தக் கடையில் போய் நிற்பது? முதலில் அலுவலகத்தின் மேல் ஆத்திரம் வந்தது. பிறகு என் விரல் மேலேயே வந்தது. ஒரே ஒரு நாள் "இல்லை" தொட்டிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்?

கடைசி நாள் மாலை டேப்லெட்டையும் அடையாள அட்டையையும் மேசைமேல் வைத்தேன். மேனேஜர் எழுந்து நின்றார். இத்தனை வருடத்தில் அவர் எனக்காக எழுந்தது அன்றுதான். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவது என்று காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பியபோது வாயில் வந்தது வேறு.

"வரேன் சார்."

"வாங்கம்மா" என்றார் அவர்.