குறிப்பு என்ற கடைசி வரி

விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்யும் சிறு முதலாளிகள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். சங்கத்துக்கென்று ஒரு பரிசோதனைக்கூடமும் இருந்தது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த என்னை மூன்று மாத வேலைக்கு அங்கே எடுத்துக்கொண்டார்கள். தினமும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவேன்.

அங்கே ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. டெலிபோன் லைன் வழியாக வேறொரு மாநிலத்தில் இருந்த பெரிய கம்ப்யூட்டரோடு அது தொடர்புகொள்ளும். பீங்கான் தொழில் நடக்கும் ஐந்து ஊர்களின் பரிசோதனைக்கூடங்கள் பல வருடங்களாகத் தங்கள் சோதனை முடிவுகளை அதில் ஏற்றி வந்தன. ஒரு மண்ணுக்கோ கல்லுக்கோ உரிய எண்ணைத் தட்டினால், அது எங்கே வெட்டி எடுத்தது, சுட்டால் எவ்வளவு சுருங்கும், என்ன நிறம் வரும் என்று வரிவரியாக வரும். கடைசி வரியின் பெயர் ‘குறிப்பு’. எண்களும் கட்டளைகளும் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது வாய் திறக்கும். எங்கள் ஊரில் அப்படித் தெரிந்தவர் ஒரே ஒருவர், ஆய்வக உதவியாளர். நாற்பது வயதைத் தாண்டியவர். அதிகம் பேசமாட்டார். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை மேடம் என்பார்.

இந்தத் தகவலையெல்லாம் இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி செய்வதுதான் என் வேலை. எதையும் மறுபடி டைப் செய்யத் தேவையில்லை. நான் எழுதும் புரோகிராம் பழைய கம்ப்யூட்டரிடம் கேட்கும். வருகிற பதிலை வலைப்பக்கமாக மாற்றித் தரும். சொல்வதற்குச் சுலபம். லைன் பாதியில் அறுந்துபோகும், பதில் துண்டு துண்டாக வரும். முதல் பக்கம் ஒழுங்காக வந்து நிற்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அப்படி வந்த பக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், வெள்ளைக்கல் மாவுக்கான பக்கத்தைத் திறந்தேன். பீங்கான் கலவையில் சேர்ப்பதற்காக அந்தக் கல்லை உலர்வாகவே அரைத்து மாவாக்குவார்கள். சோதனை எண்களுக்குக் கீழே குறிப்பில் ஆங்கில எழுத்தில் தமிழ் இருந்தது. ‘அரைக்கிற ஆளுக்கு இருமல். மூச்சு வாங்குகிறது. இவர் மூன்றாவது ஆள்.’

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“இத யாருண்ணா போட்டது?”

“நாந்தாங்க மேடம். ரெண்டு வருஷம் ஆவுது. தப்புங்களா?”

“தப்புன்னு சொல்லல. ஏன் இதுல போட்டீங்க?”

“சங்கத்துல சொன்னேன். தூசுன்னா இருமத்தான் செய்யும்னுட்டாங்க. இதுல போட்டா அஞ்சு ஊருலயும் பாப்பாங்க இல்லீங்களா, யாராவது கேப்பாங்கன்னு நெனச்சேன். ஒருத்தரும் கேக்கல.”

சொல்லிவிட்டுத் திரும்பப் போனவரை நான் நிறுத்தினேன். பக்கம் அதோடு முடியவில்லை. கீழே இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. அவை ஆங்கிலம். முடிவில் வேறொரு ஊர்ப் பரிசோதனைக்கூடத்தின் குறியீடு. நான் அவருக்குத் தமிழில் படித்துச் சொன்னேன்.

‘உங்கள் மொழி தெரிந்த ஒருவர் படித்துச் சொன்னார். இங்கும் இரண்டு பேர். டிபி அல்ல. எக்ஸ்ரே எடுங்கள்.’

அவர் எழுதி ஒரு மாதம் கழித்து அந்தப் பதில் வந்திருந்தது. பழைய திரையில் குறிப்பின் முதல் பகுதி மட்டுமே தெரியும். மீதியைப் பார்க்கத் தனிக் கட்டளை ஒன்று இருந்திருக்கிறது. அதை இங்கே யாரும் அறிந்திருக்கவில்லை. என் புரோகிராம் இருப்பதையெல்லாம் அப்படியே வாங்கிக் காட்டியதால் அது வெளியே வந்தது. இதை நான் விளக்கிச் சொன்னபோது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், “இன்னொரு வாட்டி படிங்க மேடம்” என்றார். படித்தேன்.

“ரெண்டு வருஷமா இதுலயே இருந்துருக்குது” என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று பிற்பகல் சங்கத்துச் செயலாளர் பக்கங்களைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர்தான். என் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்து, “பிரமாதம்மா” என்றவர், வெள்ளைக்கல் பக்கத்தில் நின்றுவிட்டார்.

“இது என்னம்மா?”

சொன்னேன்.

“இந்தக் குறிப்பு வரிய மொத்தமா எடுத்துடு. எல்லாப் பக்கத்துலயும். வெளியூர்க்காரன் பாத்தா என்ன நெனைப்பான்? சரக்கு வாங்குவானா?”

“சார், அதுல நோயப் பத்தி...”

“டாக்டர் சொல்லணும்மா அத. நீயும் நானும் சொல்லக் கூடாது.”

நான் எடுத்துவிட்டேன். புரோகிராமில் ஒரே ஒரு வரியை நீக்கினால் போதும், ஐந்து ஊர்களின் குறிப்புகளும் மறைந்துவிடும். மறுத்திருக்கலாம். முதல் வேலை, மூன்று மாத வேலை, வேறெதுவும் கைவசம் இல்லை என்பதெல்லாம் அன்றைக்குக் காரணங்களாகத் தோன்றின. அவர் போன பிறகு ஒன்று மட்டும் செய்தேன். பழைய கம்ப்யூட்டரில் இருந்த அந்தக் குறிப்பைப் புரோகிராம் வழியாக முழுதாக வாங்கி அச்செடுத்து அண்ணனிடம் கொடுத்தேன்.

மறுநாள் அவர் என்னை ஜங்ஷன் ரோட்டிலிருந்த எஸ்டிடி பூத்துக்கு அழைத்துப் போனார். பதில் எழுதியிருந்த ஊர்ப் பரிசோதனைக்கூடத்தின் நம்பரைப் பழைய கடிதம் ஒன்றில் தேடி எடுத்திருந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நான்தான் பேசினேன். எதிர்முனையில் கிடைத்தவர் அந்த வரிகளை எழுதியவரேதான். அவர் முதலில் கேட்டது, “ஏன் இவ்வளவு நாள்?” என்று. கல் தூசு நெஞ்சில் படிந்து வருகிற நோய் அது, எக்ஸ்ரேயில் டிபி மாதிரியே தெரியும், மாத்திரை கேட்காது, எந்த வேலை செய்கிறார் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள் என்றார். அங்கே அந்த இரண்டு பேரில் ஒருவர் இறந்துவிட்டிருந்தார்.

அண்ணன் குறிப்பில் எழுதிய மூன்றாவது ஆள் மங்கலம்பேட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரர். வயது முப்பத்தைந்துகூட இருக்காது. டிபி என்று சொல்லி இரண்டாவது முறையாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் பேசினார். அவர் மனைவி எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள்.

“அப்ப இது ஒட்டிக்கிற நோவு இல்லீங்களா?” என்றாள்.

“இல்லீங்க” என்றார் அண்ணன்.

அவள் உடனே வெளியே போய், பக்கத்து வீட்டில் இருந்த குழந்தையைத் தூக்கி வந்து அவர் மடியில் உட்கார வைத்தாள். ஒரு வருடமாக அவர் பிள்ளையைத் தொட்டதில்லையாம். தனித் தட்டு, தனி டம்ளர். அவர் குழந்தையின் தலையில் கையை வைத்தபடி எங்களைப் பார்த்தார். நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

அண்ணன் அவரைப் பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். போனில் கேட்டதே உறுதியாயிற்று. குணமாக்க வழியில்லை, இனி தூசில் நிற்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அண்ணன் செயலாளரிடம் போனார். நானும் போனேன்.

“டாக்டர் சொல்லணும்னீங்களாம். சொல்லிட்டாங்க சார்” என்றார்.

செயலாளர் சீட்டைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “எனக்குத் தெரியாதுய்யா. சத்தியமா இவ்ளோன்னு தெரியாது” என்றார். அது முழு உண்மையா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். ஆனால் அடுத்த மாதத்துக்குள் இரண்டு அரவைக் கொட்டகைகளில் தண்ணீர் விட்டு அரைக்கத் தொடங்கினார்கள். மற்ற முதலாளிகள் கேட்கவில்லை. வெள்ளைக்கல் பக்கத்தில் ஒரு வரி போட எனக்கு அனுமதி கிடைத்தது: ‘தூசு உயிருக்கு ஆபத்து. உலர்வாக அரைக்காதீர்.’ ஐந்து ஊர்க்காரர்களும் எழுதிய மற்றக் குறிப்புகளைச் சேர்க்க அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

என் மூன்று மாதம் முடிந்தது. சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். மறு வருடம் கோடையில் அண்ணன் போன் செய்து, அந்த மனிதர் இறந்துவிட்டதைச் சொன்னார். கடைசி வரை பிள்ளையைப் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டிருந்தாராம்.

பிறகு எத்தனையோ இடங்களில் பழைய தகவலைப் புதிய இடத்துக்கு மாற்றும் வேலை செய்திருக்கிறேன். எந்தப் பகுதியை விட்டுவிடலாம் என்ற பேச்சு எல்லாக் கூட்டத்திலும் வரும். அப்போதெல்லாம் நான் சட்டென்று பதில் சொல்வதில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படித்துப் பார்க்கிறேன் என்று சொல்லி, நேரம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.